ஏழாம் நம்பர் மலையில் ஒரு சிவப்புத் துணி

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அட்டன் அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வருவது நிற்கவில்லை. அலுமாரிச் சாவி எங்கே, புரொஜெக்டர் வயர் எங்கே என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். நான் போன பிறகு அந்த அலுவலகத்தில் ஒரு பொருளும் தன் இடத்தில் இருப்பதில்லை போலிருக்கிறது. போன மாதம் கவிதா கேட்டது மட்டும் வேறு. கவிதா என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளை. தாவரவியல் படித்தவள், கெட்டிக்காரி.

"மிஸ், தோட்டங்கள்ல கூட்டம் தொடங்குறப்ப, இந்த மலையில சாமி எங்கெங்க இருக்குன்னு முதல்ல கேக்குறோமே, அது எதுக்குங்க? அதுலயே அரை மணித்தியாலம் போயிருது. நாம பேசப்போறது சுற்றாடலப் பத்தி, கோயிலப் பத்தியில்ல, அத எடுத்துரலாம்னு புதுசா வந்த சேர் சொல்றாரு."

"எடுக்க வேணாம்னு சொல்லு."

"காரணம் கேப்பாரே மிஸ்."

காரணத்தைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்த கூலியில் படித்து, சுற்றாடல் கல்வி என்ற பெயரில் ஒரு சிறிய அலுவலகத்தில் வெளிக்கள உதவியாளராகச் சேர்ந்தேன். பயிற்சி என்று கண்டியில் சில வாரம் உட்கார வைத்துப் பறவைகளின் லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அந்தப் பெயர்களை ஒரு தோட்டத்திலும் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. எங்கள் அலுவலகம் அட்டன் நகரில் ஒரு முஸ்லிம் நானாவின் துணிக்கடைக்கு மேலே இரண்டு அறை. தோட்டங்களில் இயற்கை பற்றிய பேச்சு, நடை, கண்காட்சி, பிள்ளைகளுக்குப் போட்டி, இவற்றை ஒழுங்கு செய்வதுதான் வேலை. கேட்பதற்குச் சுகமான உத்தியோகம் போலத் தெரியும். கொத்மலையில் நாங்கள் வைத்த முதல் பறவை நடைக்கு வந்தவர்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் அவருடைய நாயும்தான். அந்த நாய் இருந்த பறவைகளையும் விரட்டிவிட்டது.

அப்போதுதான் தேவராசா சேர் எங்களுக்குப் பொறுப்பாளராக வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முன்பு விஞ்ஞானம் படிப்பித்தவர். மெலிந்த உயரமான மனிதர். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் சட்டையைப் போடுவார். எதற்கு இப்படி என்று கேட்டால், "சட்டை போட்டால்தானே பிள்ளை, பேச வந்த ஆள் எண்டு தெரியும்" என்பார். மலையகத்தில் ஒரு கூட்டத்தை எப்படி நடத்துவது என்று எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான். மலையகம் அவருக்குப் புதிது என்பதுதான் இதில் வேடிக்கை.

அவருடைய முறை இது. முதலில் தோட்டத் துரையிடம், அதாவது மனேஜரிடம், அனுமதி. பிறகு தலைவர் வீட்டில் ஒரு பிளேன்டீ. சம்பளம் போட்ட ஞாயிறு கூட்டம் வைக்கக் கூடாது, சனம் கடைக்குப் போய்விடும். கோயில் முற்றமே நல்ல இடம், ஏனென்றால் அங்கே குடிவெறியில் வந்து யாரும் கத்த மாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒலிபெருக்கி இல்லாமல், சனத்தோடு தரையில் உட்காருவார். முதல் பேச்சு அவருடையதாக இருக்காது. ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்த மௌனம் எனக்குத் தாங்காது, நான் எதையாவது சொல்ல வாயெடுப்பேன். அவர் என் பக்கம் விரலை இலேசாக உயர்த்துவார். பேசாமல் இரு என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் பின்வரிசையில் இருந்து ஒரு பெண் பேசத் தொடங்கிவிடுவாள்.

அப்படி ஒரு நாள், "இந்த மலையிலை உங்களுக்குக் கூடப் பயம் எதுக்கு?" என்று கேட்டார். சிறுத்தை என்று சொல்வார்கள் என நாங்கள் எதிர்பார்த்தோம். சிறுத்தைப் படங்களெல்லாம் எடுத்துப் போயிருந்தோம். ஆனால் குளவி என்றார்கள், ஒரே குரலில். ஒருத்தி சேலை முந்தானையை விலக்கிக் கழுத்தில் கொட்டின தழும்பைக் காட்டினாள். ஒருத்தி தன் சின்னம்மா குளவி கொட்டிச் செத்ததைச் சொன்னாள். சேர் சிறுத்தைப் படங்களைச் சுருட்டி என்னிடம் தந்தார். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எங்கள் கூட்டமெல்லாம் குளவிக் கூட்டம்தான்.

அது உண்மையில் குளவி இல்லை, மலைத்தேனீ. சேர் அதை ஒரு முறை சொல்லுவார், பிறகு அவரும் குளவி என்றே பேசுவார். பிஸ்கட் டின் ஒன்றில் பழைய தேனடை ஒன்று வைத்திருந்தார், அதைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லோரும் பார்ப்பார்கள். ஒவ்வொரு வருசமும் அதே மரத்துக்கு அவை திரும்பி வரும், கொஞ்ச மாதம் இருந்துவிட்டுக் கூட்டமாகக் கிளம்பிவிடும் என்று விளக்குவார். "இதுகளும் எங்களைப் போல இடம்பெயருற சனம்தான்" என்று சொல்லிச் சிரிப்பார். புகை, வாசம், சத்தம் இந்த மூன்றும் அவற்றுக்கு ஆகாது. அதனால் கூட்டை எரிக்கப் போகாதீர்கள், விலகிப் போங்கள் என்பதுதான் பேச்சின் சாரம்.

விலகிப் போவதற்குக் கூடு எங்கே என்று தெரிய வேண்டுமே. கொழுந்து எடுப்பவள் கீழே செடியைத்தான் பார்ப்பாள், அண்ணாந்து மரத்தைப் பார்க்க அவளுக்கு ஏது நேரம். அதற்கு சேர் ஒரு வழி கண்டுபிடித்தார். பனி இறங்கிக் குளவிகள் அடங்கியிருக்கும் விடியற்காலையில், சனத்தோடு மலை மலையாக நடந்து கூடுள்ள மரங்களைப் பார்ப்பது. அந்த மரத்தின் அடியில் சத்தமில்லாமல் ஒரு துணியைக் கட்டிவிடுவது. வேலையை மேற்பார்க்கும் கங்காணி பெண்களுக்குக் கொழுந்து நிரை பிரித்துக் கொடுக்கும்போது துணி கட்டிய மரத்தைச் சுற்றி ஆள் விடக் கூடாது. இந்த நடைக்கு மட்டும் சனம் திருவிழாவுக்கு வருவது போல வந்தது.

சேர் முதலில் கொண்டு வந்தது வெள்ளைத் துணி. பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

"வெள்ள வேணாங்க சேர். சாவு வீட்டுக்குக் கட்டுற கொடி மாதிரி இருக்கு. காலையில வேலைக்குப் போறப்ப அதுல முழிக்கணுமா?"

"அப்ப மஞ்சள்?"

"மஞ்சள் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுறதுங்க."

கடைசியில் கையைத் தூக்கச் சொல்லிக் கேட்டோம். சிவப்பு என்றதும் எல்லாக் கையும் உயர்ந்தது. பச்சைக்குள்ளே தூரத்திலிருந்தே தெரியும் என்றார்கள். கீழ்க்கடை நானா வெட்டுத்துண்டுகளைச் சும்மாவே தந்தார். இதை விபரமாக ஏன் எழுதுகிறேன் என்றால், பிறகு எல்லோரும் ஒரு குற்றவாளியைத் தேடினார்கள். அப்படி ஒரு ஆள் கிடையாது.

நான் சொல்ல வந்த தோட்டத்தில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு பிரிவு. மேல் டிவிஷனில் கூட்டம் வைத்தோம், நடந்தோம், துணி கட்டினோம். தேயிலை மலைகளுக்கு அங்கே நம்பர்தான் பெயர். ஏழாம் நம்பர் மலையின் வளைவில் நின்ற பெரிய டர்பன் மரத்தில், அதாவது யூகலிப்டஸில், ஒரு கூடு இருந்தது. அதன் அடியிலும் கட்டினோம். அடுத்த ஞாயிறு கீழ் டிவிஷன் கூட்டம். அன்றைக்கென்று அங்கே ஒரு மரணம். சாவு நடந்த லயத்தில் போய்க் கூட்டம் வைக்க முடியுமா? ஒரு கிழமை தள்ளிப் போட்டோம். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

அந்தக் கிழமைதான் நடந்தது. ஏழாம் நம்பர், செடிகளைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டி அவை மறுபடி தளிர்விட்டிருந்த மலை, முதல் கொழுந்துக்கு ஆயத்தமாக இருந்தது. மேல் டிவிஷனில் ஆள் போதாது, இளசுகள் எல்லாம் கொழும்புக்குப் போயாயிற்று. அதனால் கீழ் டிவிஷன் பெண்களை, துணியைப் பற்றிக் கேள்விப்படாத அவர்களுடைய கங்காணியோடு, அந்த மலைக்கு அனுப்பினார்கள். கவ்வாத்து வெட்டிய மலையில் முதல் முறை கொழுந்தில் கை வைக்கும்போது, அந்த மலையைக் காக்கும் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் வைப்பார்கள். அது எங்கள் சனத்தின் வழக்கம். பழக்கமில்லாத மலை, சாமி எந்த இடத்தில் என்று தெரியாது. சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். வளைவில் பெரிய மரம் ஒன்று. அடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது.

எங்களுக்குச் செய்தி வந்தது பகல் சாய்ந்த பிறகு. குளவி கொட்டிப் பலர் ஆஸ்பத்திரியில், புஷ்பராணி என்ற பெண் மோசம் என்றார்கள். நாங்கள் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அவள் போய்விட்டாள். சேர் நேரே மலைக்குப் போக வேண்டும் என்றார். துணி அவிழ்ந்து விழுந்திருக்கும், மழையில் நிறம் போயிருக்கும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

துணி அப்படியே இருந்தது, கட்டிய நாள் போலப் பளிச்சென்று. பனி மூடத் தொடங்கியிருந்ததால் குளவிகள் அடங்கியிருந்தன. மரத்தடியில் ஒரு கல்லை நிமிர்த்தி வைத்து மஞ்சள் பூசியிருந்தார்கள். பிளந்த எலுமிச்சம்பழம் இரண்டு. ஒரு சிரட்டையில் சாம்பிராணி, பாதி எரிந்து அணைந்தது. கல்லின் மேல் சூடம் எரிந்த கரி. கொஞ்சம் தள்ளி, ஓடும்போது போட்ட கூடைகளும் ஒரு செருப்பும் கிடந்தன. எனக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. லயத்தில் பிறந்த எவருக்கும் விளங்கும்.

சேருக்கு விளங்கவில்லை. சிரட்டையைக் குனிந்து பார்த்தார்.

"இதென்ன பிள்ளை?"

"சாமி கும்புட்டிருக்காங்க சேர்."

"அது தெரியுது. ஏன் இஞ்சை வந்து கும்பிட்டவை?"

நான் பதில் சொல்லாமல் நின்றேன். அவர் வழக்கம் போலக் காத்திருந்தார். அன்றைக்கு அந்த மௌனத்தை நான்தான் முடிக்க வேண்டியிருந்தது.

"துணியப் பாத்து சேர். சாமி மரத்துக்குத்தான் செவப்புத் துணி கட்டுவாங்க. அன்னைக்குக் கையத் தூக்குறப்ப எனக்கும் அது ஞாபகம் வரல."

அவர் துணியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், அண்ணாந்து கூட்டைப் பார்த்தார். பிறகு பக்கத்து வடிகானின் ஓரத்தில், சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததை நான் அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் இரண்டு பேரும் அழுதால் யார் யாரைக் கூட்டிப்போவது என்று நினைத்து அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் சாவு வீட்டுக்குப் போனோம். புஷ்பராணியின் புருசன் மருதமுத்து, தொழிற்சாலையில் வேலை, அதிகம் பேசாத ஆள். வீட்டு முன்னால் வாங்கில் உட்கார்ந்திருந்தார். மற்றப் பெண்கள் நடந்ததைச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் புஷ்பராணிக்குத்தான் கைராசி, சூடம் எப்போதும் அவள்தான் ஏற்றுவாள். அன்றைக்கும் அவளே முன்னால் போய் ஏற்றியிருக்கிறாள். மற்றவர்கள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இரைச்சல் கேட்டுக் கண்ணைத் திறந்தபோது அவள் மேல் கறுப்பாக மூடியிருந்ததாம்.

சேர் மருதமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தத் துணி நாங்கள் கட்டியது, குளவிக்கு அடையாளம், சாமிக்கு இல்லை என்று மெதுவாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். வருகிற ஞாயிறு கூட்டத்தில் எல்லோருக்கும் இதைச் சொல்லப் போவதாகவும் சொன்னார். மற்ற மலைகளிலும் துணி இருக்கிறது, இன்னொருவர் சூடம் ஏற்றிவிடக் கூடாதே என்றார். மருதமுத்து தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லத்தாங்க வேணும்" என்றார் கடைசியில். "நீங்க சொல்லலைன்னா இன்னொரு வீட்லயும் இதே கதிதான். ஆனா சேர், அவ கும்புட்டுக்கிட்டே போயிருக்கா. சாமி கிட்ட போயிட்டான்னுதான் எம்மக கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அங்க சாமி இல்ல, வெறும் கந்தல் துணின்னு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டீங்கன்னா, அந்தப் புள்ளைக்கு நான் என்னாங்க சொல்றது?"

சேர் மருதமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்து வந்தோம். பஸ்ஸில் அட்டன் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் சாவு ஒரு கந்தல் துணிக்காக என்றாகிவிடும். சொல்லாவிட்டால் இன்னொருத்தி சாவாள். நான் எவ்வளவோ யோசித்தும் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. அந்தக் கிழமை விடியற்காலைகளில் போய் மற்ற மரங்களின் துணிகளை எல்லாம் அவிழ்த்தோம். ஏழாம் நம்பர் துணியில் மட்டும் அவர் கை வைக்கவில்லை.

ஞாயிறு கீழ் டிவிஷன் கோயில் முற்றத்தில் இடம் கொள்ளாத கூட்டம். சில பேர் எங்களை அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மருதமுத்து மகளை மடியில் வைத்துக்கொண்டு தூண் ஓரம் இருந்தார். சேர் செருப்பைக் கழற்றினார், தரையில் உட்கார்ந்தார். நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"இந்த மலையிலை சாமி எங்கெங்கை இருக்கு? எனக்குத் தெரியாது. நான் இந்த ஊர் ஆள் இல்லை. நீங்கள்தான் சொல்ல வேணும்."

 முதலில் பெரிய கங்காணி சொன்னார். தொழிற்சாலையில் இயந்திரச் சக்கரங்களைக் காக்கும் ரோதமுனி. நாலாம் நம்பர் பாறையில் கவ்வாத்துசாமி. ஆற்றோரம் கன்னிமார். பெண்கள் சேர்த்துக்கொண்டார்கள். கொழுந்துசாமி இருப்பது அங்கேயில்லை, இங்கே என்று இரண்டு பேர் சண்டையே போட்டார்கள். சேர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது.

"ஏழாம் நம்பர் வளைவுல, டர்பன் மரத்தடி."

 எல்லோரும் மருதமுத்துவைப் பார்த்தார்கள். நான் சேரைப் பார்த்தேன்.  இல்லை என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"சரி" என்றார் சேர். "அந்தச் சாமிக்கு என்ன பூசை?"

 சேர் காத்திருந்தார். அவருடைய அந்தப் பழைய காத்திருப்புத்தான். மருதமுத்து மகளை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

"பூ மட்டுந்தாங்க" என்றார். "அந்தச் சாமிக்குப் பொக ஆகாது. சூடம், சாம்பிராணி, ஊதுபத்தி ஒன்னும் கூடாது. மேல அதோட காவல் இருக்கு. கிட்டப் போகாம, எட்ட நின்னு பூவப் போட்டுட்டு வந்துரணும்."

சேர் தலையை அசைத்தார். மற்ற மரங்களில் நாங்கள் கட்டியது சாமித் துணி இல்லை, குளவிக்கு அடையாளம், அதையெல்லாம் அவிழ்த்துவிட்டோம், இனிமேல் தகரத்தில் குளவிப் படம் வரைந்து குத்தி வைப்போம் என்று சொன்னார். ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஏழாம் நம்பரைப் பற்றி அவர்கள் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அதோடு நிறுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். மிச்சக் கூட்டத்தை நான்தான் நடத்தினேன். யாரும் எங்களை அடிக்கவில்லை, பிளேன்டீ தந்தார்கள்.

சேர் அதற்குப் பிறகு ஒரு கூட்டத்திலும் பேசவில்லை. மேசையில் உட்கார்ந்து குளவிப் படங்கள் வரைந்து தருவார், அவ்வளவுதான். கொஞ்ச காலத்தில் மாற்றம் கேட்டுக்கொண்டு ஊருக்குப் போனார். போகும்போது அந்தப் பிஸ்கட் டின்னை என்னிடம் தந்து, "முதல் கேள்வியை மறந்து போகாதை பிள்ளை" என்றார். சில வருசம் பொங்கலுக்கு அழைத்துப் பேசினார். பிறகு அவருடைய மகன் அழைத்துச் செய்தி சொன்னார். சாவுக்குப் போக எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கவலை இன்னும் மனதில் கிடக்கிறது.

இதை எழுதத் தொடங்கும் முன் ஒரு தடவை ஏழாம் நம்பருக்குப் போய் வந்தேன். மருதமுத்துவும் இப்போது வேலையை விட்டுவிட்டார், தலை நரைத்துவிட்டது. மகளைக் கட்டிக் கொடுத்துப் பேரப்பிள்ளையும் கண்டுவிட்டார். என்னோடு மலைக்கு வந்தார். மரம் நிற்கிறது. துணி புதிது, வருசத்துக்கு ஒரு தடவை அவர்தான் மாற்றுகிறார். கல்லைச் சுற்றி வாடிய செவ்வந்திப் பூக்கள். நிரை அந்த மரத்தைச் சுற்றி விலகிப் போகிறது. அன்றைக்குப் பிறகு அந்த மரத்தடியில் ஒருவருக்கும் கொட்டவில்லையாம். அண்ணாந்து பார்த்தேன். குளவிகள் கிளம்பிப் போன பருவம், கிளையில் காய்ந்த அடைதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

மருதமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே சூடம், பக்கத்தில் ஒரு நெருப்புப்பெட்டி.

"கூடு காலிதானுங்களே மிஸ்? இப்ப ஏத்துனா ஒன்னும் ஆகாதுல்ல?"

"ஆகாதுங்க" என்றேன். "நீங்க ஏத்துங்க."

அவர் குனிந்து கல்லின் முன்னால் சூடத்தை வைத்தார். குச்சியை எடுத்தவர் உரசவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சூடத்தை எடுத்துப் பொட்டலத்தில் மடித்தார்.

"வேணாங்க. கல்லுல கரி புடிச்சிருச்சின்னா, இங்க சூடம் ஏத்துவாங்க போலன்னு பாக்குறவங்க நெனச்சிருவாங்க."

பூவை மட்டும் போட்டுவிட்டுக் கும்பிட்டார். இறங்கி வரும்போது அந்தச் சூட வாசம் அவருடைய பையிலிருந்து வழி முழுக்க வந்துகொண்டிருந்தது. எத்தனை வருசமாக அதை மலைக்குக் கொண்டு போய்த் திருப்பிக் கொண்டு வருகிறார் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அரை மணித்தியாலம் போனால் போகட்டும், கவிதா. கேட்டுவிட்டே தொடங்குங்கள்.